"தேவனின் தாய்" என்பதை ஏற்றுக்கொண்டால் "இணை மீட்பர்" வரை ஏற்க வேண்டுமா?

வேதமாணவர்:

அன்புள்ள சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். நான் சீர்திருத்த சபை மரபில் விசுவாசத்தைக் கற்றவன். இயேசு கிறிஸ்து ஒரே ஆள் என்றும், அவரில் தேவத்துவமும் மனுஷத்துவமும் கலவாமலும் மாறாமலும் பிளவுபடாமலும் பிரியாமலும் இருக்கின்றன என்றும் 451-ஆம் ஆண்டில் ஆயர்கள் கூடிய கால்செதோன் சங்கம் வரையறுத்ததை எங்கள் போதகர்கள் எவரும் மறுத்ததில்லை. அண்மையில் அந்த வரையறையை முழுமையாக வாசித்தபோது, அதற்குள்ளேயே மரியாள் "தேவனைப் பெற்றவள்" என்று அழைக்கப்பட்டிருப்பதைக் கண்டேன். நாங்களோ "இயேசுவின் தாயாகிய மரியாள்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

என் கேள்வி இரண்டு பகுதிகளைக் கொண்டது. அந்த வரையறையின் உபதேசத்தை ஏற்றுக்கொண்டு, அதில் வரும் இந்தப் பட்டத்தை மட்டும் ஒருவர் விட்டுவிடலாமா? அப்படி விட முடியாது என்றால், இதை ஏற்றவுடன் விண்ணரசி, பாவிகளின் அடைக்கலம், அருளின் இடைநிலையாளர், இணை மீட்பர் என்று கத்தோலிக்க பக்தியில் வழங்கும் மற்றப் பட்டங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்க வேண்டியதாகிவிடுமா? "தேவனுக்கும் மனுஷருக்கும் மத்தியஸ்தரும் ஒருவரே" என்னும் 1 தீமோத்தேயு 2:5 என் மனதில் முன்னிற்கிறது. விண்ணரசி என்று கேட்கும்போதெல்லாம் எரேமியா கண்டித்த புறமதத் தேவதையான "வானராக்கினி" நினைவுக்கு வருவதையும் மறைக்க விரும்பவில்லை. ஒருவரையொருவர் விக்கிரகாராதனைக்காரர் என்றோ பதிதர் என்றோ தூற்றும் விடைகளை ஏற்கெனவே போதுமான அளவு வாசித்துவிட்டேன். எந்தப் பட்டம் எந்த ஆதாரத்தின் மேல் நிற்கிறது என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுள்ளவனாக இருப்பேன்.

மறைக்கல்வியாளர்:

அன்புச் சகோதரரே, நான் கத்தோலிக்கன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டத்தை உதட்டால் சொல்லாமல் இருப்பது ஒன்று, அதை மறுப்பது வேறொன்று. கால்செதோனுக்கு முன் 431-இல் கூடிய எபேசு சங்கத்தின் சிக்கல் இரண்டாவதைப் பற்றியது.

428-இல் கான்ஸ்டான்டிநோபிளின் பேராயரான நெஸ்தோரியுஸ், வழிபாட்டில் ஏற்கெனவே புழங்கிவந்த "தெயோடோக்கோஸ்" (கிரேக்கத்தில் "கடவுளைப் பெற்றவர்") என்ற பட்டத்தை ஐயத்தோடு நோக்கி, "கிறிஸ்துவைப் பெற்றவர்" என்று சொல்வதே பாதுகாப்பானது என்றார். அவருடைய அச்சத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன், ஏனெனில் கடவுள்தன்மைக்கே மரியா தொடக்கம் தந்தார் என்று எளிய மக்கள் எண்ணிவிடக்கூடும் என்பது கற்பனையான ஆபத்து அன்று. அலெக்சாந்திரியாவின் சிரில் அதற்குத் தந்த மறுமொழி, ஒரு தாய் பெற்றெடுப்பது ஓர் இயல்பையன்று, ஓர் ஆளை என்பதாகும். குழந்தையின் ஆன்மாவைத் தாய் உண்டாக்குவதில்லை, ஆயினும் அவரை உடலின் தாய் என்று யாரும் அழைப்பதில்லை, முழுக் குழந்தையின் தாய் என்றே அழைக்கிறோம் என்று அவர் எகிப்தியத் துறவியருக்கு எழுதினார். மரியாவின் வயிற்றில் மனிதரானவர் என்றென்றும் இருக்கும் இறைமகனே என்றால், மரியா அவருடைய தாய். அப்படி இல்லையென்றால், இறைமகன் வேறு, மரியாவின் மகன் வேறு என்று இருவரை நம்ப வேண்டியிருக்கும். ஆகவே இந்தப் பட்டம் மரியாவைப் பற்றிச் சொல்வதைவிடக் கிறிஸ்துவைப் பற்றிச் சொல்வதே மிகுதி.

431-இல் எபேசில் நடந்தவை அனைத்தையும் நான் மெச்சுவதாக எண்ண வேண்டாம். அந்தியோக்கியாவின் ஆயர்கள் வந்துசேருமுன்பே சிரில் அமர்வைத் தொடங்கி நெஸ்தோரியுஸைப் பதவிநீக்கினார். பின்னர் வந்த அந்தியோக்கியா யோவானும் அவருடன் வந்தவர்களும் தனியே கூடிச் சிரிலைப் பதவிநீக்கினார்கள். ஆனால் அதே அந்தியோக்கியர், இரு இயல்புகளையும் தெளிவாகக் கூறும் 433-ஆம் ஆண்டின் ஒப்புரவு வாசகத்தில் "தெயோடோக்கோஸ்" என்பதையும் ஏற்றுக்கொண்டார்கள் என்பதுதான் எனக்கு முதன்மையான சான்றாகத் தோன்றுகிறது. பட்டம் எபேசில் பிறந்ததுமன்று. ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அலெக்சாந்திரியாவின் ஆயர் அலெக்சாண்டர் அதை எழுத்தில் பயன்படுத்தினார். நாசியான்சு கிரகோரியார், கிறிஸ்து மரியாவிடமிருந்து எதையும் பெறாமல் அவர் வழியாகக் கடந்து மட்டும் வந்தார் என்ற கருத்தையும் கண்டித்து, இதே பட்டத்தை நிலைநாட்டுகிறார்.

இனி உங்கள் இரண்டாம் கேள்வி. மற்றப் பட்டங்கள் எல்லாம் இதே அடித்தளத்தின் மேல் நிற்பவை அல்ல. 1587-இல் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் அங்கீகரித்த லொரேத்தோ மன்றாட்டு மாலையில் வரும் "உடன்படிக்கையின் பேழையே", "தாவீது அரசரின் கோபுரமே", "விடியற்காலத்தின் நட்சத்திரமே" போன்றவை விவிலிய உருவகங்களிலிருந்து எழுந்த கவிதை. கவிதையைக் கோட்பாட்டு அளவுகோலால் அளப்பது இரு தரப்புக்கும் நல்லதன்று. அரசி என்ற பட்டத்துக்கு எரேமியாவின் வானராக்கினியோடு தொடர்பில்லை. தாவீதின் மரபில் அரசருடைய தாய் பெற்றிருந்த இடத்திலிருந்தே கத்தோலிக்க விளக்கம் தொடங்குகிறது, சாலமோன் தன் தாயைத் தன் வலப்பக்கத்தில் அமரச் செய்ததை அரசர் நூலில் வாசிக்கலாம்.

இடைநிலையாளர் என்பதில்தான் உண்மையான கடினம் உள்ளது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் மரியாவைப் பற்றித் தனி ஏடு வேண்டுமா, திருஅவையைப் பற்றிய ஏட்டிலேயே ஓர் இயலாக வைக்க வேண்டுமா என்பதற்கு 1963 அக்டோபர் 29 அன்று நடந்த வாக்கெடுப்பில் 1,114 பேர் திருஅவை பற்றிய ஏட்டுக்குள் சேர்க்க வேண்டும் என்றும் 1,074 பேர் வேண்டாம் என்றும் வாக்களித்தனர். எங்களுக்குள்ளேயே ஒரே மனம் இருக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. 1964-இல் வெளியான அந்த ஏடு இடைநிலையாளர் என்ற பட்டத்தைக் குறிப்பிட்டு, உடனே அது ஒரே இணைப்பாளராகிய கிறிஸ்துவின் மாண்பிலிருந்து எதையும் குறைப்பதோ அதனோடு எதையும் கூட்டுவதோ இல்லை என்ற பொருளிலேயே கொள்ளப்பட வேண்டும் என்கிறது. இணை மீட்பர் என்பதைப் பற்றி இனி நீங்கள் கவலைப்படவே வேண்டியதில்லை: 2025 நவம்பர் 4 அன்று, திருத்தந்தை பதினான்காம் லியோவின் ஒப்புதலுடன் நம்பிக்கைக் கோட்பாட்டுத் துறை வெளியிட்ட குறிப்பு, அந்தப் பட்டம் கிறிஸ்துவின் ஒரே மீட்புப் பணியை மறைக்கும் இடர் கொண்டிருப்பதால் அதைப் பயன்படுத்துவது பொருத்தமன்று என்று கூறிவிட்டது. அடிக்கடி விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டிய ஒரு பட்டம் மக்களின் நம்பிக்கைக்கு உதவாது என்ற அதன் வாதம் எனக்கு முழு உடன்பாடானது. எபேசிலிருந்து இணை மீட்பர் வரை தவிர்க்க முடியாத ஒரு சரிவுப் பாதை இருந்திருந்தால், எங்கள் திருஅவையே அதன் நடுவில் நின்றிருக்க முடியாது.

லூத்தரன் வாசகர்:

சகோதரர் வேதமாணவருக்கு, உங்கள் தயக்கம் "புராட்டஸ்டண்டு" தயக்கம் என்று நீங்கள் எண்ணினால், அது முழுவதும் சரியன்று. மார்ட்டின் லூத்தர் தேவனின் தாய் என்ற பட்டத்தை இறுதிவரை விட்டுக்கொடுக்கவில்லை. எங்கள் விசுவாச அறிக்கைகளில் ஒன்றான 1577-ஆம் ஆண்டின் இணக்க வாசகம், கிறிஸ்துவின் ஆள்தத்துவத்தைப் பற்றிய எட்டாம் பிரிவில், மரியாள் மெய்யாகவே தேவனின் தாய் என்று அறிக்கையிடுகிறது. சீர்திருத்த மரபின் முன்னோடியான சுவிங்கிலியும் அதை மறுக்கவில்லை. அதே மரபின் கால்வினோ உபதேசத்தில் எபேசோடு நின்றவர், ஆனால் பட்டத்தைச் சபையில் வழங்குவதற்குத் தயங்கியவர். உங்கள் தயக்கம் கால்வினுடையது.

இந்த வேறுபாட்டுக்கு அடியில் மனுஷாவதாரத்தைப் பற்றிய ஒரு பழைய வழக்கு இருக்கிறது. "தேவன் தம்முடைய சுயரத்தத்தினாலே சம்பாதித்துக்கொண்ட தமது சபை" என்று அப்போஸ்தலர் 20:28 சொல்கிறது. தேவத்துவத்துக்கு இரத்தம் இல்லை. ஆனாலும் இரத்தம் சிந்தியவர் தேவனாகிய ஒருவரே என்பதால், ஓர் இயல்புக்கு உரியதை அந்த ஆளுக்குரியதாகச் சொல்லலாம். இதுவரை எல்லாரும் ஒத்துக்கொள்கிறோம். நாங்கள் மேலும் ஒரு படி சென்று, தேவத்துவத்தின் மகிமை கிறிஸ்துவின் மனுஷத்துவத்துக்கு மெய்யாகவே பகிரப்படுகிறது என்கிறோம். சீர்திருத்த மரபினரோ, மாம்சமான வார்த்தை அந்த மாம்சத்துக்குள் அடங்கிவிடாமல் அதற்கு அப்பாலும் இருக்கிறார் என்பதை வலியுறுத்தி, இரு இயல்புகளையும் கவனமாகப் பிரித்துப் பேசுகிறார்கள். இயல்புகளைப் பிரித்துப் பேசப் பழகிய செவிக்குத் தேவனின் தாய், தேவனின் இரத்தம் போன்ற தொடர்கள் கூர்மையாக ஒலிப்பதில் வியப்பில்லை. நெஸ்தோரியுஸின் பக்கம் நழுவிவிடாமல் இருக்க அந்தக் கூர்மை தேவை என்பது எங்கள் மரபின் எண்ணம், என் எண்ணமும் அதுவே.

மறைக்கல்வியாளர் ஐயாவோடு நான் பிரிவது அடுத்த படியில். எங்கள் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கைக்கு லூத்தரின் உடனுழைப்பாளர் மெலாங்க்தன் எழுதி 1531-இல் வெளிவந்த தற்காப்புரை, பரலோகத்திலிருக்கும் பரிசுத்தவான்கள் சபைக்காக ஜெபிக்கிறார்கள் என்பதை மறுக்கவில்லை. அவர்களை நோக்கி ஜெபிக்கும்படி வேதத்தில் கட்டளையோ வாக்குத்தத்தமோ இல்லை என்பதே அதன் மறுப்பு. ஆகவே "பாவிகளின் அடைக்கலமே" என்பதில் எனக்குள்ள இடர் அடைமொழியில் இல்லை, விளிவேற்றுமையில் இருக்கிறது. தேவனின் தாய் என்பது ஒரு விசுவாச அறிக்கை; எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்பது ஒரு ஜெபம். முதலாவதற்கு எபேசு போதும், இரண்டாவதற்குப் போதாது.

அந்தியோக்கு மரபினர்:

எல்லாரும் கால்செதோனை முன்வைத்துப் பேசுவதால் ஒரு திருத்தம் செய்ய விரும்புகிறேன். சிரியன் ஆர்த்தடாக்ஸ் மரபைச் சேர்ந்த நாங்கள், எகிப்தின் கோப்தியர், ஆர்மீனியர், எத்தியோப்பியர் ஆகியோரைப் போலவே, கால்செதோன் சங்கத்தை ஏற்பதில்லை. மாம்சமான தேவ வார்த்தைக்கு ஒன்றுபட்ட ஒரே இயல்பு என்ற சிரிலின் வாய்ப்பாட்டையே பற்றியிருக்கிறோம்; மனிதத்தன்மை கடவுள்தன்மையில் கரைந்துபோயிற்று என்று சொன்ன யூத்திகஸை நாங்களும் கண்டிக்கிறோம் என்பதை ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருப்பது ஒரு சலிப்பு. கால்செதோனை மறுக்கும் நாங்கள்தாம் எங்கள் தொழுகைகளில் கடவுளைப் பெற்றவர் என்ற பட்டத்தை ஓயாமல் சொல்கிறோம். எனவே, சகோதரரே, அந்தப் பட்டம் இரு இயல்புகள் என்ற வாய்ப்பாட்டைச் சார்ந்ததன்று. பிறந்தவர் ஒருவரே என்ற அறிக்கையைச் சார்ந்தது.

மறுபுறம், அதைச் சொல்லாதவர்கள் எல்லாரும் கிறிஸ்துவை இரண்டாக்குகிறவர்கள் என்று தீர்ப்பிடவும் முடியாது. கிழக்கின் அசீரியத் திருச்சபை இன்றுவரை "கிறிஸ்துவின் தாய்" என்றே வழிபாட்டில் சொல்கிறது. 1994 நவம்பர் 11 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும் அந்தச் சபையின் தலைவர் நான்காம் மார் திங்காவும் கையொப்பமிட்ட பொது அறிக்கை, ஒரு தரப்பு "கடவுளின் தாய்" என்றும் "கிறிஸ்துவின் தாய்" என்றும் சொல்வதையும், மறு தரப்பு "நம் கடவுளும் மீட்பருமான கிறிஸ்துவின் தாய்" என்று சொல்வதையும் குறிப்பிட்டு, இரண்டும் ஒரே நம்பிக்கையின் வெளிப்பாடுகளே என்று ஏற்றுக்கொண்டது. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் எபேசின் பெயரால் பிரிந்திருந்தவர்கள் இதைச் சொல்ல முடிந்தது என்றால், உங்கள் முதல் கேள்விக்கு அதிகாரபூர்வமான ஒரு விடை ஏற்கெனவே கிடைத்துவிட்டது என்றே நான் கருதுகிறேன்: பொருளைக் காத்துக்கொண்டு சொல்லை விடலாம். எங்கள் மறைமுதுவரும் அதே திருத்தந்தையும் 1984-இல் செய்துகொண்ட அறிக்கையும், அதற்குமுன் 1973-இல் கோப்தியரின் மூன்றாம் ஷெனூதாவும் ஆறாம் பவுலும் செய்துகொண்ட அறிக்கையும் இதே வழியில் அமைந்தவை.

ஒரு குறிப்பு மட்டும் சேர்க்கிறேன். கத்தோலிக்கர் 1854-இல் கோட்பாடாக வரையறுத்த அமல உற்பவத்தை, அதாவது மரியா கருவான நொடியிலேயே ஜென்மப் பாவமின்றிக் காக்கப்பட்டார் என்பதை, நாங்கள் ஏற்பதில்லை. மரியாவை "மாசற்றவர்" என்று பாடுகிறோம், ஆனால் பாட்டில் சொன்னதைச் சட்டமாக்குவதில்லை. பக்திப் பட்டங்களின் இயல்பான வீடு பாட்டும் தொழுகையும்தான்.

திறந்த வேதம்:

சகோதரர்களே, உங்கள் கல்வியை மதிக்கிறேன். நான் சுயாதீன சபையைச் சேர்ந்தவன். இயேசு தேவன் என்பதிலும், எலிசபெத்து மரியாளை "என் ஆண்டவருடைய தாயார்" என்று அழைத்ததிலும் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் இங்கே செய்யப்படும் நுண்ணிய வேறுபாடுகள் ஆராதிக்கிற ஒரு சாதாரண விசுவாசியின் உள்ளத்தில் நிற்கின்றனவா? ஆராதனை தேவனுக்கு, வணக்கம் பரிசுத்தவான்களுக்கு, மேலான வணக்கம் மரியாளுக்கு என்று வகுப்பது ஏட்டில் எளிது. இரவில் கண்ணீரோடு ஜெபிக்கிறவர் இந்த அளவுகளைப் பார்த்துக்கொண்டா ஜெபிக்கிறார்? கவிதை என்று சொல்லி விட்டுவிடவும் மனம் ஒப்பவில்லை, ஏனென்றால் 1950-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் விண்ணேற்பை (மரியாள் உடலோடும் ஆன்மாவோடும் விண்ணுக்கு எடுக்கப்பட்டாள் என்பதை) வரையறுத்தபோது, அதை மனமறிந்து மறுக்கிறவர் கத்தோலிக்க விசுவாசத்திலிருந்து முற்றிலும் விலகிவிட்டார் என்று எழுதினார். அது கவிதையின் மொழியன்று. இயேசுவின் இருதயத்தைத் தனியே எடுத்து ஆராதிப்பதும் இதே வகையைச் சேர்ந்ததாகத்தான் எனக்குத் தெரிகிறது.

மறைக்கல்வியாளர்:

திறந்த வேதம் ஐயா, 1950-ஐப் பற்றி நீங்கள் சொன்னது சரியே. வரையறுக்கப்பட்ட கோட்பாட்டையும் மன்றாட்டு மாலையின் உருவகத்தையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்று நான் சொன்னேனே தவிர, எங்களுக்குக் கட்டுப்படுத்தும் கோட்பாடுகளே இல்லை என்று சொல்லவில்லை. அமல உற்பவமும் விண்ணேற்பும் எபேசிலிருந்து தருக்க முறையில் நேரடியாக வந்தவை என்றும் நான் வாதிட மாட்டேன். அவற்றை ஏற்பதற்குத் திருஅவையின் போதிக்கும் அதிகாரத்தை ஏற்க வேண்டும், அது வேறொரு வழக்கு. 1854-இன் வரையறை, மரியா காக்கப்பட்டது மனித இனத்தின் மீட்பராகிய இயேசு கிறிஸ்துவின் பேறுபலன்களை முன்னிட்டே என்று சொல்வதால், மரியாவும் மீட்கப்பட்டவரே என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

திருஇருதயத்தைப் பற்றிய உங்கள் ஐயம் நீங்கள் எண்ணுவதைவிட ஆழமானது, ஏனெனில் அதை முதலில் எழுப்பியவர்கள் கத்தோலிக்கரே. 1670-களில் பிரான்சின் பாரே-லெ-மோனியால் மடத்தில் மார்கரீத் மரியா அலக்கோக் பெற்ற காட்சிகளுக்குப் பின் இந்தப் பக்திமுயற்சி பரவியபோது, யான்செனியம் என்ற கண்டிப்பான கத்தோலிக்க இயக்கத்தைச் சார்ந்தவர்கள் இதைக் கடுமையாக எதிர்த்தனர். 1786-இல் இத்தாலியின் பிஸ்தோயாவில் கூடிய மறைமாவட்டச் சங்கமும் அவர்கள் வழியில் நின்றது. கிறிஸ்துவின் மனித இயல்பையோ அதன் ஒரு பகுதியையோ கடவுள்தன்மையிலிருந்து பிரித்து ஆராதிப்பது தவறு என்பது அவர்கள் வாதம். 1794-இல் திருத்தந்தை ஆறாம் பயஸ் அளித்த மறுமொழியின் சாரம் முழுக்க முழுக்கச் சிரிலின் வாதமே: நாங்கள் பிரிப்பதில்லை, அந்த இருதயம் வாக்கானவரின் ஆளோடு பிரிக்க முடியாதபடி இணைந்த இருதயம் என்பதாலேயே அதை ஆராதிக்கிறோம். தேவனின் இரத்தம் என்று அப்போஸ்தலர் பணிகள் சொல்லக்கூடும் என்றால், தேவனின் இருதயம் என்று நாமும் சொல்லக்கூடும். லூத்தரன் சகோதரர் இதற்கு ஆட்சேபிக்க மாட்டார் என்று நம்புகிறேன். மரியாவின் பட்டங்களுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடும் இங்கேதான்: திருஇருதயத்துக்கு ஆராதனை செலுத்துகிறோம், மரியாவுக்கு ஒருபோதும் இல்லை.

கண்ணீரோடு ஜெபிக்கிறவர் அளவு பார்ப்பாரா என்ற கேள்விக்கு என்னிடம் முழு விடை இல்லை. 2025-ஆம் ஆண்டின் குறிப்பு அந்தக் கவலையிலிருந்தே எழுந்தது என்று நினைக்கிறேன்.

வேதமாணவர்:

அனைவருக்கும் நன்றி. 1994-ஆம் ஆண்டு அறிக்கையைப் பற்றி நான் அறிந்திருக்கவில்லை. லூத்தரன் சகோதரர் அறிக்கைக்கும் ஜெபத்துக்கும் இடையே இட்ட கோடும் எனக்குப் பெரிதும் உதவுகிறது. தேவனின் தாய் என்று அறிக்கையிட இனி எனக்குத் தடையில்லை, மரியாளை நோக்கி ஜெபிக்க மாட்டேன். ஆனால் அந்தக் கோட்டை வைத்துப் பார்த்தால், கத்தோலிக்கர் மரியாளை நோக்கிச் சொல்லும் அருள் நிறை மந்திரம் எந்தப் பக்கத்தில் விழுகிறது? அதில் பாதி வேதவசனமாக இருக்கிறதே.

லூத்தரன் வாசகர்:

இரு பக்கமும் விழுகிறது. முதல் பாதி, லூக்கா முதல் அதிகாரத்தில் தூதன் சொன்ன வாழ்த்தும் எலிசபெத்து சொன்ன வாழ்த்தும் சேர்ந்தது. அதில் வேண்டுதல் எதுவும் இல்லை. "இறைவனின் தாயே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்னும் பின்பாதி, முன்பே பல வடிவங்களில் வழங்கிவந்தாலும், 1568-இல் ஐந்தாம் பயஸ் வெளியிட்ட உரோமைக் கட்டளைச் செபநூலில்தான் இன்றைய வடிவில் நிலைபெற்றது. லூத்தர் 1522-இல் வெளியிட்ட ஜெபப் புத்தகத்தில் முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு, இது மரியாளிடம் கேட்கும் ஜெபமன்று, அவளுக்குத் தேவன் செய்ததற்காக அவரைத் துதிக்கும் தியானம் என்ற விளக்கத்தோடு கொடுத்தார். நானும் அந்த அளவில் அதைச் சொல்வதுண்டு.